பழைய பி.எஸ்.ஏ. எம்-20: பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அம்மப்பாவின் வண்டி. ஐந்து வருஷம் மினக்கெட்டு அதை மறுபடியும் ஓடவைத்தோம். வெளியே எடுத்தால் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் நாலு பேராவது மறித்துக் கேள்வி கேட்பார்கள். பெற்றோல் செட்டில் நின்றால் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். ரோட்டில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன வண்டி? எந்த வருஷத்தது?

பி.எஸ்.ஏ. எம்-20. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தது. பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ்) என்பது 1861இல் அந்த ஊர்த் துப்பாக்கிக் கொல்லர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய கம்பனி. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்துக் கூம்பாக நிறுத்திய சின்னம் அங்கிருந்துதான் வந்தது. பலர் அதைப் பார்த்துவிட்டு ஆர்மி அடித்த முத்திரையா என்று கேட்கிறார்கள். இல்லை, அது கம்பனியின் அடையாளம்.

எம்-20 1937இலிருந்து 1955 வரை வந்தது. 496 சீசீ, ஒரே சிலிண்டர், 13 குதிரைவலு. வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் நிற்கும். அதனால் வேகம் குறைவு, மணிக்கு 95 கிலோமீற்றரைத் தொட்டாலே பெரிய காரியம். ஆனால் மணலிலும் சேற்றிலும் இழுக்கும். எங்களுடைய வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கிற இலக்கம் டபிள்யூ.எம்.20 என்று தொடங்குகிறது. அந்த டபிள்யூ யுத்த காலத்துக்குரியது. இரண்டாம் உலகப்போருக்காக இந்த மாதிரியில் ஏறத்தாழ 126,000 வண்டிகள் செய்தார்கள். அதில் ஒன்று இது.

இங்கிலாந்து ஆர்மியின் வண்டி ஆரையம்பதிக்கு எப்படி வந்தது?

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் கையில் விழுந்த பிறகு இலங்கை நேச நாடுகளின் பெரிய தளம் ஆகிவிட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 9ஆம் திகதி ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்தது நம்முடைய மட்டக்களப்புக் கடலில்தான். கப்பல் இன்னும் அடியில் கிடக்கிறது. போர் முடிந்ததும் ஆர்மி தனக்கு வேண்டாத லொறி, ஜீப், மோட்டார் சைக்கிள்களை விற்றது. அப்படி விற்ற வண்டி இரண்டு கை மாறி அம்மப்பாவிடம் வந்தது.

அம்மப்பா ஓவர்சியராக இருந்தவர். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியதும் அவருக்கு அந்தப் பக்கம் வேலை. இங்கினியாகலையில் அணை எழும்பிய நாட்களில் வாரம் ஒருமுறை இந்த வண்டியில்தான் வீட்டுக்கு வருவார். அம்பாறைக் காட்டு ரோட்டில் யானைக்கு விளக்கை அணைத்துக்கொண்டு நின்ற கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

1985 வரை ஓட்டினார். அதற்குப் பிறகு வண்டி மண்டூரில் மாமா வீட்டு நெல் அறையில் சாக்குப் போர்த்தியபடி முப்பது வருஷம் நின்றது. 2004இல் கடல் வந்தபோது கரையோரம் இருந்த எங்கள் பழைய வீடு போய்விட்டது. வண்டி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்ததால் தப்பியது.

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். பெரும்பாலானோர் டாங்கியின் மினுக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மினுக்கம் காசு கொடுத்தால் வரும். கை வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கொஞ்சம் குந்தி இருந்து பாருங்கள்.

முதலில் திருகாணிகளின் தலை. திருப்புளி வழுக்கிய தழும்பு இருக்கிறதா? நட்டுகளின் ஆறு மூலையும் கூராக இருக்கின்றனவா, ஸ்பானர் கடித்து உருண்டுவிட்டனவா? எண்பது வருஷ வண்டியில் நட்டு மூலை கூராக இருந்தால், கழற்றியவர் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஒரு நாள் காத்திருந்து கழற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது கம்பிகள். கிளச் கேபிள், பிரேக் கேபிள், வயர்கள் எங்கே வளைகின்றன என்று பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் எதுவும் இழுபடக் கூடாது, மடியவும் கூடாது. பார்வைக்கு யாரும் கவனிக்காத இடம் இது. நல்ல வேலைக்காரன் இங்கேதான் பிடிபடுவான்.

பிறகு முன்பக்கம். இந்தக் காலத்து வண்டிகளைப் போல இரண்டு குழாய் இறங்கி வராது. இரும்புச் சட்டங்களைப் பொருத்தி, நடுவில் ஒரு பெரிய சுருள் வில் வைத்திருக்கிறார்கள். கேர்டர் போர்க் என்பது அதன் பெயர். 1948 வரை எம்-20க்கு இதுதான். ரோட்டுக் குண்டில் ஏறி இறங்கும்போது அந்த முழு அமைப்பும் நாலு அச்சுகளில் அசையும். அச்சு தேய்ந்தால் சில்லு ஆடும், வண்டி நேர்ரோட்டிலேயே தள்ளாடும். இப்போது சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு சத்தமும் வராது.

அந்த அச்சுகள் உட்கார்ந்து அசைகிற புஷ் என்ற குழல் துண்டுகளைக் கடைந்தது காத்தான்குடியில் லேத் வைத்திருக்கிற ஒரு நானா. பழைய வெண்கலக் கட்டி ஒன்றிலிருந்து எட்டுப் புஷ் கடைந்தார். நான் முதல் புஷ்ஷைக் கையில் எடுத்து "சரியா இருக்கா நானா?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்ஷின் அடிவாயைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, அச்சை எண்ணெய் தடவி மேலிருந்து விட்டார். அச்சு விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்றின் மேல் உட்கார்ந்து, தேனுக்குள் இறங்குகிற கரண்டி போல மெல்ல மெல்ல இறங்கியது. விரலை எடுத்தார், 'டக்' என்று கீழே விழுந்தது. "இப்ப சரி" என்றார். மீதி ஏழையும் அப்படியே சோதித்தார். ஒன்று கொஞ்சம் வேகமாக இறங்கியது. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கடைந்தார்.

டாங்கியில் ஒரு குழி இருக்கிறதே, அதைத் தட்டி எடுக்கவில்லையா?

எடுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டது.

1978 நவம்பர் 23 சூறாவளி இரவு, கொட்டிலின் மேல் தென்னை விழுந்தது. கூரை மரம் ஒன்று டாங்கியின் வலப்பக்கத்தில் இறங்கியது. மட்டக்களப்பில் அந்த இரவைக் கண்டவர்கள் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதை அந்தக் குழியில் இருக்கிறது. அம்மப்பா அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தக் குழியோடுதான் ஓட்டினார்.

தகரவேலைக்காரர் குழியை எடுத்துத் தருகிறேன் என்றார். எடுக்கவும் எடுப்பார், கெட்டிக்காரர். அம்மாதான் "அது கிடக்கட்டும்" என்றா. சரி, கிடக்கட்டும் என்று விட்டோம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சிக்கல் வந்தது. டாங்கியைச் சுற்றி ஒரு வெண்மஞ்சள் கோடு போக வேண்டும், அது குழிக்குள் எப்படி இறங்கும்?

கோடு போட்டவர் கோயில் வாகனங்களுக்கும் கடைப் பெயர்ப்பலகைகளுக்கும் வண்ணம் தீட்டி வந்த ஐயா. எழுபது தாண்டியவர். நீள மயிர் வைத்த மெல்லிய தூரிகை ஒன்றை வைத்திருந்தார். மயிர் நீளமாக இருந்தால் வண்ணத்தை நிறையப் பிடித்துக்கொள்ளும், கை சின்னதாக நடுங்கினாலும் நுனிக்குப் போய்ச் சேராது. சுண்டுவிரலை டாங்கியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒட்டுத்தாள் ஒட்டவில்லை, பென்சில் குறி வைக்கவில்லை.

குழி வந்த இடத்தில் கை நிற்கவில்லை. கோடு குழிக்குள் இறங்கி, அடியைத் தொட்டு, மறுபக்கம் ஏறியது. உள்ளே இறங்கும்போது கோட்டை இம்மியளவு மேலே வளைத்திருக்கிறார். அதனால் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கோடு நேராகத் தெரியும். மேலே நின்று பார்த்தால்தான் வளைவு தெரியும். எப்படித் தெரிந்து வளைத்தீர்கள் என்று கேட்டேன். "சாமிட தோளிலயும் மேடு பள்ளம் இருக்குத்தானே" என்றார். வாகனத்திலும் சிலையிலும் கோடு போட்டுப் பழகிய கை அது. இந்த வண்டியில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அந்த நாலு அங்குலக் கோடுதான்.

யார் செய்தது? கொழும்பில் கொடுத்தீங்களா?

இல்லை. கிட்டத்தட்ட எல்லாமே மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர் கைகள்.

எஞ்சினைப் பிரித்துக் கூட்டியவர் நகரத்தில் இருக்கிற, போர்த்துக்கேயர் வழிவந்த ஒரு பறங்கி அங்கிள். மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை, தச்சு வேலை, மெக்கானிக் வேலையில் பெயர் எடுத்தவர்கள். வீட்டில் போர்த்துக்கேய மொழி பேசுகிற கடைசித் தலைமுறைகளில் ஒருவர் அவர். எங்களோடு மட்டக்களப்புத் தமிழ், வேலைக் கருவிகளுக்கு இங்கிலிஷ் பெயர், கோபம் வந்தால் போர்த்துக்கேயம். அவருடைய அப்பாவும் இதே வண்டிகளைத் திருத்தியவராம். ஒவ்வொரு நாளும் நான் அவசரப்படுவேன். "மெல்ல மகன், மறுகா கழட்ட ஏலா" என்பார். அவர் வாயில் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அவர் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தென்னை விழுந்தபோது சிலிண்டரின் குளிர்ச்சித் தகடுகளில் இரண்டு உடைந்துவிட்டன. வார்ப்பிரும்பு. சூடாக்கி ஒட்டலாம், ஆனால் சட்டென்று ஆறினால் வெடித்துப் போகும். வேறு சிலிண்டர் வாங்குவது சுலபம். அவர் விடவில்லை. முதலில் முழுச் சிலிண்டரையும் மெல்லச் சூடாக்கினார். உடைந்த இடத்தில் வெண்கலக் கம்பியை உருக்கி, தகடு போல அடுக்கி வளர்த்தார். பிறகு அதை அப்படியே ஒரு தகர வாளியில் வைத்து, கனன்றுகொண்டிருந்த உமிச் சாம்பலால் மூடிவிட்டார். மாலை நாலு மணிக்கு மூடியதை மறுநாள் மத்தியானம்தான் திறந்தோம். வாளிக்குள் கை வைத்தபோது இன்னும் இளஞ்சூடு. அதற்குப் பிறகு இரண்டு நாள் அரத்தால் ராவினார். இன்று கண்ணால் பார்த்து எந்த இரண்டு தகடு என்று சொல்ல முடியாது, கறுப்பு வண்ணம் மூடியிருக்கிறது. விரலை ஓட்டிப் பார்த்தால் அந்த இரண்டும் மற்றவற்றை விடக் கொஞ்சம் வழவழப்பு. வார்ப்பு இரும்பின் சொரசொரப்பை அரத்தால் கொண்டுவர முடியாது.

எல்லாம் ஒரிஜினலா?

சட்டம், எஞ்சின் உடல், கியர்பெட்டி, டாங்கி, முன் போர்க், மட்கார்ட் எல்லாம் வண்டியோடு வந்தவை. சட்டத்திலும் எஞ்சினிலும் உள்ள இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன. பிஸ்டன், வளையங்கள், பெயரிங், டயர், கேபிள், வயர் புதியவை. இருக்கையின் சுருள் வில்லு பழையது, தோல் புதிது.

ஒரிஜினல் என்ற சொல்லில் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறத்தையே எடுங்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டியபோது கறுப்புக்கு அடியில் ஆர்மியின் காக்கி வந்தது. காக்கிக்குத் திரும்புவதா என்று ஒரு மாதம் யோசித்தோம். தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அது காக்கிதான். ஆனால் ஆர்மியில் இருந்தது சில வருஷம், அம்மப்பாவிடம் கறுப்பாக இருந்தது கிட்டத்தட்ட நாற்பது வருஷம். கறுப்பே அடித்தோம். டாங்கிக்கு அடியில், கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், உள்ளங்கையளவு காக்கியைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

கால் வைக்கிற கட்டையில் ரப்பர் இல்லாமல் வெறும் இரும்பாக இருப்பதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். அதுதான் சரி. மலாயா போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு, அதனால் யுத்த வண்டிகளுக்குக் கைப்பிடியில் கன்வஸும் காலடியில் வெறும் இரும்பும் வைத்து அனுப்பினார்கள். அப்போது நேச நாடுகளுக்கு ரப்பர் கொடுத்த முக்கியமான இடம் நம்முடைய இலங்கை.

குரோம் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்குமே?

யுத்த வண்டியில் குரோம் கிடையாது, எல்லாம் வண்ணம்தான். அம்மப்பாவும் விளக்கு வளையத்துக்கும் சைலன்சருக்கும் மட்டும்தான் பின்னாளில் குரோம் போட்டார். அந்த இரண்டையும் அப்படியே செய்தோம்.

இதில் எனக்கு ஆறாத ஒரு மனவருத்தம் உண்டு. குரோம் போடுவதற்காக வேறு மாவட்டத்தில் ஒரு கடைக்குச் சாமான்களை அனுப்பினேன். விளக்கு வளையத்தோடு கால் பிரேக் லீவரையும் ஒரே பையில் போட்டுவிட்டேன், அதைத் துப்புரவாக்கினால் போதும் என்று சொல்லியும் அனுப்பினேன். அவர்கள் லீவரையும் மெஷினில் பிடித்து, மினுங்க மினுங்கத் தேய்த்து, குரோம் போட்டு அனுப்பினார்கள். லீவரில் செய்தவரின் முத்திரை ஒன்று இருந்தது, மிகச் சின்ன எழுத்து. தேய்ந்து போய்விட்டது. அம்மப்பாவின் கால் பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது, அதையும் சமன் பண்ணிவிட்டார்கள். வேறு லீவர் கிடைக்கும். அந்தப் பள்ளம் கிடைக்காது. இப்போது எந்தச் சாமானைக் கொடுத்தாலும் நானே கூடப் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நம்முடைய ஸ்பானர் இதற்குப் பொருந்தாதாமே?

பொருந்தாது. மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டால் பொருந்துவது போல இருக்கும், இறுக்கும்போது வழுக்கி மூலையைத் தின்றுவிடும். இதற்கு விட்வேர்த் என்ற பழைய இங்கிலிஷ் அங்குல அளவு ஸ்பானர் வேண்டும். அதில் எழுதியிருக்கிற அளவு நட்டின் அகலம் அல்ல, போல்டின் தண்டு அளவு. கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பானரின் வாய் கால் அங்குலத்தை விட மிகப் பெரிதாக இருக்கும். முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

போல்டின் திருகுப் புரியும் இன்னொரு தலைவலி. விட்வேர்த் புரியின் கோணம் 55 பாகை. சைக்கிள் புரி என்று இன்னொன்று இதே வண்டியில் இருக்கிறது, அது 60 பாகை, அங்குலத்துக்கு 26 சுற்று. இரண்டையும் மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் புரி செத்துவிடும். அங்கிள் ஒவ்வொரு போல்டையும் கழற்றிய உடனே அதன் நட்டை அதிலேயே திருகி, துணிப்பையில் போட்டு, எந்த இடத்தினது என்று எழுதிக் கட்டினார். ஒரு பெட்டி நிறையப் பைகள். ஐந்து வருஷத்தில் ஒரு நட்டுக் கூட மாறவில்லை.

சாமான் எங்கே எடுக்கிறீங்க?

பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து தபாலில். இத்தனை ஆயிரம் வண்டிகள் செய்ததால் எம்-20க்கு இன்றும் புதுச் சாமான் செய்து விற்கிறார்கள். இந்த வயதுள்ள வண்டிகளில் இது ஒரு பாக்கியம். மற்றவை லேத்தில் கடைந்தவை.

ஸ்டார்ட் எடுக்கப் பெரிய பலம் வேண்டுமா?

வேண்டாம். ஒழுங்கு தெரிந்தால் போதும். அம்மா ஐம்பது கிலோ இருப்பா, அவவும் ஸ்டார்ட் எடுத்திருக்கிறா.

பெற்றோல் குழாயைத் திறக்க வேண்டும். காபரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பெற்றோல் எட்டிப் பார்க்கும் வரை அதை அமுக்க வேண்டும். ஹேண்டிலின் இடப்பக்கம் தீப்பொறியின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி ஒன்று உண்டு. இந்தக் காலத்து வண்டிகள் இதைத் தாமே பார்த்துக்கொள்கின்றன, இதில் நாம்தான் பார்க்க வேண்டும். அதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் கிக் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பிறகு மெல்ல மிதித்து, எஞ்சின் இறுகி நிற்கிற இடத்தைக் காலால் உணர வேண்டும். அங்கே வால்வைத் தூக்குகிற லீவரைப் பிடித்து அந்த இறுக்கத்தைத் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கை மேலே கொண்டுவந்து, ஒரே முழு மிதி.

சூடேறாத எஞ்சினில் பெரும்பாலும் இரண்டாம் மிதியில் பிடிக்கும். தீப்பொறி நேரத்தை மெல்ல முன்னுக்குத் தள்ளத் தள்ளச் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒழுங்காகும். நின்ற இடத்தில் அது ஓடுகிற வேகத்தில் ஒவ்வொரு வெடியையும் தனித்தனியே எண்ணலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமி ஒருவர் வேலியோரம் நின்று அழுதிருக்கிறா. அவவின் கலியாணத்துக்கு அம்மப்பா அதில்தான் வந்து இறங்கினவராம்.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதனால் யாருக்கும் ஓட்டக் கொடுப்பதில்லை.

எண்ணெய் ஒழுகுதே, வேலை சரியில்லையா?

துளி ஒன்று இரண்டு விழும், அது சுபாவம். புகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த எஞ்சினில் எண்ணெய் தனி டாங்கியில் இருக்கும், பம்ப் அதை எஞ்சினுக்குள் தள்ளி, மறுபடி டாங்கிக்கே இழுத்துவரும். வண்டி மூன்று நாலு வாரம் சும்மா நின்றால் டாங்கி எண்ணெய் பம்ப்பைத் தாண்டிக் கசிந்து எஞ்சினின் அடியில் சேரும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்கை முழுக்கப் புகை. அடியில் உள்ள போல்டைத் திறந்து வடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் இருக்காது.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? சாதாரணப் பெற்றோல் போதுமா?

லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் சொச்சம். 92 ஒக்டேன் தாராளம், யுத்த காலத்தில் அதை விட மட்டமான பெற்றோலில் ஓடிய எஞ்சின் இது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த நாட்களில், வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவதோடு சரி.

இந்த உப்புக்காற்றில் எப்படிப் பாதுகாக்கிறீங்க?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நமக்கு இது பெரிய பிரச்சினைதான். வெளியே போய் வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, பிறகு எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். பிளாஸ்டிக் சீற்றால் மூடவே மாட்டேன், உள்ளே வேர்த்து, மூடாததை விட மோசமாகத் துருவேறும். பழைய பருத்திச் சீலைதான். அம்மாவின் சீலைகள் இரண்டு இதற்கென்றே ஒதுக்கியாகிவிட்டது.

வண்ணம் அடிக்கிற காலமும் முக்கியம். மாரியில் ஈரக்காற்று, அடித்த வண்ணம் வெளிறிப் பூத்துப்போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசி வந்து ஒட்டும். மாசி, பங்குனியில் அடித்தோம், அதிகாலையில், நிலத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு. ஒன்பது பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் தண்ணீர்த் தாளால் தேய்த்து.

எவ்வளவு செலவு? விற்பீங்களா?

கணக்கு வைக்கவில்லை, வைத்திருந்தால் பாதியில் விட்டிருப்போம். விற்பதில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

உங்களுக்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். தயவுசெய்து முதலில் கிக்கை மிதிக்காதீர்கள். இறுகிக் கிடக்கிற எஞ்சினை மிதித்தால் வளையங்கள் உடையும், சிலிண்டர் கீறும். பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் விடுங்கள். தேவையென்றால் இன்னும் ஒரு வாரம். எங்கள் எஞ்சின் முப்பது வருஷத்துக்குப் பிறகும் கையால் சுற்றியதற்குக் காரணம், அம்மப்பா அதைக் கடைசியாக நிறுத்தியபோது பிளக் துளையால் ஒரு கோப்பை எண்ணெய் ஊற்றியிருந்தார். மறுபடி யாராவது எடுப்பார்கள் என்று நினைத்துத்தானே ஊற்றியிருப்பார்.

அடுத்தது, கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எஞ்சின் இலக்கம், சட்ட இலக்கம் உள்ள இடங்களில் அரத்தையோ மண் ஊதுகிற மெஷினையோ அண்டவிடாதீர்கள். இலக்கம் அழிந்தால் வண்டி பதிவில் இல்லாத இரும்பாகிவிடும். பதிவுப் புத்தகத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் காணி உறுதிகளோடு பெட்டிக்குள் இருக்கும். பழைய இலக்கத் தகட்டை எறியாதீர்கள். எங்களுடையது இலக்கத் தகடுகளில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய தகடு, அதில் கையால் எழுதிய எழுத்தே ஒரு தனி அழகு.

மூன்றாவது, வண்ணக்காரரிடம் போவதைக் கடைசிக்கு வையுங்கள். பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். பளபளப்பான வண்டி, ஓடாத எஞ்சின், இரண்டு வருஷத்தில் மறுபடி நெல் அறைக்குள். முதலில் எஞ்சின், பிறகு பிரேக், பிறகு சில்லு.

உங்கள் ஊரிலேயே பழைய மெக்கானிக் ஒருவர் இருப்பார். கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, எங்கேயும் இருப்பார்கள். கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா இருப்பார். போய்க் கதையுங்கள். வேலை செய்ய முடியாதவராக இருந்தாலும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். எங்கள் அங்கிளுக்கு இப்போது கை நடுங்குகிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வால்வு இடைவெளியைச் சொல்கிற காது அப்படியே இருக்கிறது.

தொட்டுப் பார்க்கலாமா? ஒரு சுற்றுப் போகலாமா?

தொடலாம், பிள்ளைகளும் தொடலாம். குளிர்ச்சித் தகடுகளில் விரல் ஓட்டி அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொல்லி நானே கேட்பேன். இதுவரை மூன்று பேர்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதில் ஒருவர் கண் தெரியாத பெரியவர்.

ஓட்டத் தர முடியாது, பின்னால் ஏறலாம். ஞாயிறு காலை ஆறரைக்கு எடுப்பேன், தாழங்குடா வரை போய்த் திரும்பி வருவேன். செருப்பு, வெறுங்கால் வேண்டாம், சப்பாத்துப் போட்டு வாருங்கள். சைலன்சர் வலது கணுக்காலுக்கு மிகக் கிட்ட ஓடுகிறது.